எழுபத்து மூன்றாவது சுற்று

வாயில் வைத்த தேநீரைப் பல்லுக்காரர் விழுங்குவதற்குள் அந்தச் சத்தம் வந்தது. இரும்பை இரும்பு கடித்து, மென்று, துப்புகிற சத்தம். அடுத்த நொடி ரோப் காரின் இரைச்சல் அடங்கிப்போனது. வருஷக்கணக்காய்க் காதோடு ஒட்டிக் கிடந்த இரைச்சல் அது. அது நின்றதும் பட்டறைக்குள் தன் மூச்சே தனக்கு அந்நியமாய்க் கேட்டது.

தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடுவதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஏழு மாதக் கர்ப்பிணியான மகளையும், துணைக்கு மனைவியையும் அவரே ரோப் காரின் கூண்டில் ஏற்றி உட்கார வைத்து, கதவுக் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து அனுப்பியிருந்தார். எதிர்மலையில்தான் ஆஸ்பத்திரி. இரண்டு மலைக்கும் நடுவே பள்ளத்தாக்கு; அடியில் பாறையும் ஆறும்.

பல்லுக்காரர் என்றதும் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்து, கன்னம் வீங்கிய ஒரு மனிதர் பட்டறை வாசலில் வந்து நின்றதுண்டு. "உட்காருங்க, பிடுங்கறதுக்கு இங்க எல்லா சாமானும் இருக்கு" என்று பெரிய குறடு ஒன்றை எடுத்துக் காட்டினாராம். வீக்கம் வாசலிலேயே வடிந்துவிட்டது. இவர் வெட்டுவது இரும்புச் சக்கரத்தின் பல்லை. அதில் இந்த வட்டாரத்தில் அவருக்கு முன்னாலும் ஆள் கிடையாது, பின்னாலும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவு விட்டுப்போயிற்று. பெருக்கலையும் வகுத்தலையும் சக்கரம் சொல்லிக்கொடுத்தது. முதலில் பல் வெட்டுகிற ஒரு பழைய மில்லிங் மிஷின், பிறகு இன்னொன்று, பிறகு சொந்தக் கூரை. யார் தோளிலும் ஏறி நின்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. இதைப் பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். வராதவர்களைத் தேடிப் போயும் சொல்லியிருக்கிறார்.

ரோப் காரை இழுக்கும் இரண்டு பல்சக்கரங்களும் அவர் கையால் வெட்டியவைதான். அதற்கு ஒரு கதை உண்டு. வரைபடத்தைக் கொண்டுவந்த எஞ்சினியரம்மா சின்னச் சக்கரத்துக்கு எழுபத்து மூன்று பல், பெரிய சக்கரத்துக்கு நூற்று முப்பத்தேழு பல் என்று குறித்திருந்தார். பல்லுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா எண்ணு இது, கல்லு மாதிரி? எதுக்குள்ளயும் அடங்காது. வட்டத்தப் பங்கு போடற என் தட்டுல இதுக்கு ஓட்டையே கிடையாது. ஆளுக்கு ஒரு பல்லக் கொறைச்சுக்குவோம். எழுபத்திரெண்டு, நூத்தி முப்பத்தாறு. அம்சமா விழும்."

"அம்சமா விழுறதுதான் மாஸ்டர் ஆபத்து. ரெண்டையும் பொதுவா வகுக்கிற எண்ணு ஒன்னு இருந்துட்டா, ஒரு பல்லு எதிர்ல இருக்கிற சில பல்ல மட்டும்தான் திரும்பத் திரும்பக் கடிக்கும். அப்படி எதுவும் இல்லைன்னா, எதிர்ல இருக்கிற அத்தனை பல்லையும் ஒரு தடவ கடிச்ச பிறகுதான் மொதல் பல்லுக்குத் திரும்ப வரும். தேய்மானம் ஒரே சீரா இருக்கும். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க."

"பத்தாயிரத்து ஒன்னு" என்றார் பல்லுக்காரர், காகிதம் தொடாமல். இந்த மாதிரி இடத்தில் விட்டுக்கொடுக்கிற ஆள் அவர் இல்லை.

கடையில் விற்காத தட்டை அவரே செய்தார். காகிதப் பட்டையில் சம தூரத்தில் கோடு போட்டு, அதை வட்டத்தகட்டைச் சுற்றி ஒட்டி, கோட்டுக்குக் கோடு துளை போட்டு, அதை வைத்து இரண்டு சக்கரத்தையும் வெட்டி முடித்தார். ஆனால் அந்தப் பத்தாயிரத்து ஒன்று அவரை விடவில்லை. பார்த்தால் எவ்வளவு சாது! இரு பக்கமும் ஒவ்வொரு ஒன்று, நடுவில் மூன்று சைபர். இதை உடைக்க முடியாதா என்று பட்டறைச் சுவரில் சாக்பீஸோடு நின்றார். இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான், ஆக மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம். பதினொன்றுக்கு இரண்டு மிச்சம். பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது என்று ஏறிக்கொண்டே போய், எழுபத்து மூன்றில் வந்துதான் எண் வாயைத் திறந்தது. உள்ளே நூற்று முப்பத்தேழு உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு பேருக்குத் தவிர வேறு யாருக்கும் அடங்காத எண்.

"அடங்காத ஜென்மம்டி அது" என்று மனைவியிடம் சொன்னார்.

"ஏன், நம்ம வீட்டுல ஒன்னு இருக்கறது பத்தாதா?" என்றாள் அவள்.

இப்போது அந்த மனைவிதான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

இயந்திர அறைக்குள் அவர் நுழைந்தபோது ரோப் காரை இயக்கும் விஞ்ச்காரன் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றிருந்தான். எந்நேரமும் கொட்டாவி விடுகிறவன் என்பதால் அவனுக்குக் கொட்டாவி என்றே பேர். அன்றைக்கு அவன் வாய் இறுக மூடியிருந்தது.

"அண்ணே, மேல் மூடியோட போல்ட்டு ஒன்னு அதிர்வுல கழண்டு நேரா சக்கரத்துக்குள்ள விழுந்துடுச்சு. தானாவே கரன்ட் லைன் கட்டாயி நின்னுபோச்சு."

சப்பையாகிப்போன போல்ட் தரையில் கிடந்தது. பல்லுக்காரர் டார்ச்சை அடித்தார். பெரிய சக்கரத்தில் ஒரு பல், சின்னச் சக்கரத்தில் ஒரு பல். இரண்டுக்கும் தலை உடைந்து, அடியில் மயிரிழைபோல ஒரு கீறல். ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடுவே போல்ட் சிக்கியிருக்கிறது. அடிபட்ட இரண்டும், சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும் சேருமிடத்தைத் தாண்டி மூன்று பல் தள்ளி நின்றன. அவற்றின்மேல் சிவப்புப் பெயின்ட் தடவினார். பெயின்ட் பல்லைத் தாண்டி வழிந்தது. பெயின்ட்தான் தண்ணியாய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

சுவரில் இருந்த, கூண்டோடு பேசும் கருவி கரகரத்தது.

"ஏங்க! இருக்கீங்களா? என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்ல, கொஞ்சம் எண்ணெ போடறோம்."

"எண்ணெ போடற குரலா இது? காத்துல கூண்டு ஊஞ்சல் மாதிரி ஆடுது. கீழ ஆறு நூல் மாதிரித் தெரியுது."

"அம்மா, கீழ பார்க்காதன்னு சொன்னேன்ல" என்று மகளின் குரல். "அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். சீக்கிரம் பாருங்க."

கொட்டாவி நெம்புகோலைக் காட்டினான்.

"அண்ணே, கூண்டு இப்பதான் கெளம்புச்சு. நூறு மீட்டர் தாண்டியிருந்தாலே அதிகம். பின்னாடி இழுத்துட்டா ஒரு நிமிஷத்துல நம்ம மேடைக்கே வந்துடுவாங்க. எதிர்ப்பக்கம் போகணும்னா அறுநூத்தி நாப்பது மீட்டர் இருக்கு."

அவர் மனசும் அதையேதான் சொல்லிற்று. கண் எதிரே இருக்கிற பிள்ளையை மலைக்கு அப்பால் தள்ளிவிட எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? நெம்புகோலில் கை வைத்துக்கொண்டேதான் எஞ்சினியரம்மாவுக்குப் போன் போட்டார். போனை ஒலிபெருக்கியில் போட்டு மோட்டார் மேல் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

"பின்னாடி இழுக்கப் போறேன்மா."

"கைய எடுங்க மாஸ்டர்!" என்று அலறினார் அந்தம்மா. "அடிபட்ட ரெண்டும் எங்க நிக்குது?"

"சேர்ற இடத்தத் தாண்டி மூணு பல்லு."

"பின்னாடி இழுத்தா மூணாவது பல்லுல எந்தப் பல்லும் எந்தப் பல்லும் சந்திக்கும்?"

பல்லுக்காரர் நெம்புகோலிலிருந்து கையைச் சுட்டதுபோல எடுத்தார். ஒரு பல் நொண்டியாக இருந்தால் எதிரே இருக்கிற முழுப்பல் தாங்கிக்கொள்ளும். இரண்டு நொண்டிகளும் ஒன்றையொன்று பிடிக்கப்போனால் இரண்டும் முறியும். முறிந்த துண்டு உள்ளே மாட்டினால் அடுத்தடுத்த பல்லெல்லாம் போகும். அதற்குப் பிறகு கூண்டை முன்னேயும் கொண்டுபோக முடியாது, பின்னேயும் கொண்டுவர முடியாது. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண்ணைக் கயிறு கட்டிப் பள்ளத்தாக்கில் இறக்க வேண்டியதுதான், இந்தக் காற்றில்.

"முன்னாடி விட்டா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க. திரும்ப அது ரெண்டும் சந்திக்க எத்தனை பல்லு கடக்கணும்?"

"பத்தாயிரத்து ஒன்னு."

"பெரிய சக்கரத்துக்கு எழுபத்திமூணு சுத்து. ஒரு சுத்துக்கு ஒம்பது மீட்டர் கயிறு நகரும்."

கொட்டாவி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அறுநூத்தி நாப்பதுக்கு எழுபத்தோரு சுத்தும் கொஞ்சமும் வருது அண்ணே. ரெண்டு சுத்துகூட மிச்சமில்ல!"

பல்லுக்காரர் தரையில் மண்டியிட்டார். எஞ்சினியரம்மா சொன்னால் போதுமா? கூண்டுக்குள் இருப்பது அந்தம்மாவின் மகளா? சாக்பீஸை எடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது, கழித்துக்கொண்டே போவது. நூற்று முப்பத்தேழில் எழுபத்து மூன்று போக அறுபத்து நான்கு. எழுபத்து மூன்றில் அறுபத்து நான்கு போக ஒன்பது. அறுபத்து நான்கில் ஒன்பது ஒன்பதாய்க் கழிக்க, கடைசியில் ஒன்று. ஒன்று நின்றால் இரண்டுக்கும் பொது எதுவும் கிடையாது. பத்தாயிரத்து ஒன்றுக்கு முன்னால் சந்திப்புக் கிடையாது.

அப்படியும் ஆறவில்லை. தான் வெட்டிய சக்கரத்தையே நம்பாமல், கிரீஸுக்குள் விரலை விட்டுச் சின்னச் சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாய் எண்ணினார். எழுபத்து மூன்று. வாழ்நாளில் தன் வேலையை அவர் சந்தேகப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

"மெதுவா விடுடா" என்றார். "ஆளு நடக்கிற வேகம்கூட வேண்டாம்."

மோட்டார் முனகியது. சிவப்புகள் இரண்டும் சேருமிடத்தை விட்டு விலகின. பல்லுக்காரர் நிறுத்தும் பொத்தானில் கை வைத்துச் சக்கரத்தின் அருகே குனிந்து நின்றார். பெரிய சக்கரத்தின் சிவப்பு ஒரு முறை சுற்றிவந்து கடிக்கிறபோதெல்லாம் தரையில் ஒரு கோடு.

முதல் சுற்றில் சின்னச் சக்கரத்தின் சிவப்பு ஒன்பது பல் பின்தங்கி நின்றது. இரண்டாவதில் பதினெட்டு. பிறகு இருபத்தேழு, முப்பத்தாறு. விலகுகிறது, விலகுகிறது என்று அவர் மூச்சு விட்டபோது, அது வட்டத்தின் மறுபக்கமாய்க் கிட்ட வர ஆரம்பித்தது. ஐந்தாவது சுற்றில் இருபத்தெட்டு பல் இடைவெளி. ஆறாவதில் பத்தொன்பது. ஏழாவதில் பத்து.

"அம்மா, கிட்ட வருது!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "ஒவ்வொரு தடவையும் ஒம்பது ஒம்பதாக் குறையுது!"

"பத்துல ஒம்பது போனா எவ்வளவு மாஸ்டர்?"

"ஒன்னு."

"சைபர் இல்லல்ல? பொத்தான அமுக்கிடாதீங்க. அடிபட்ட பல்லு கடிக்கிற நேரத்துல திடீர்னு நிறுத்தினா அந்த உலுக்கல்லயே முறிஞ்சிடும்."

எட்டாவது சுற்று. இரண்டு சிவப்பும் ஒரே சந்துக்குள் நுழையப் போகிற இரண்டு மாடுகள்போலச் சேருமிடத்தை நோக்கி வந்தன. பல்லுக்காரரின் கட்டைவிரல் பொத்தானின் மேல் வியர்த்து வழுக்கியது. அமுக்கு அமுக்கு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கொட்டாவி கண்ணை மூடிக்கொண்டான். பெரிய சிவப்பு ஒரு முழுப்பல்லைக் கடித்தது, டொக். அதையொட்டியே சின்னச் சிவப்பு வேறொரு முழுப்பல்லைக் கடித்தது, டொக். தரை அதிர்ந்தது. சக்கரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, என்னமோ குலுங்குச்சு!"

"காத்துதான்" என்றார்.

ஒன்பதாவது சுற்று சத்தமில்லாமல் போயிற்று. அங்கேதான் அவருக்கு உண்மையில் குளிர் எடுத்தது. எழுபத்திரெண்டையும் நூற்று முப்பத்தாறையும் எட்டு வகுக்கும். எழுபத்திரெண்டில் எட்டு, ஒன்பது தரம் போகும். அவர் அம்சமாய் விழும் என்று சொன்ன எண்ணிக்கையில் வெட்டியிருந்தால், நொண்டிகள் இரண்டும் இந்த ஒன்பதாவது சுற்றில் சந்தித்திருக்கும். கூண்டு இப்போது ஆற்றுக்கு நேர் மேலே இருந்தது. ஒன்பதாவது கோட்டைப் போடும்போது சாக்பீஸ் இரண்டாய் ஒடிந்தது.

அதற்குப் பிறகு எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை சிவப்புகள் அருகே வந்தன. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஒரு பல் தள்ளி வந்தன. இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்ச நேரத்தில் மறுபக்கமிருந்தும் இப்படி நெருங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டாவிக்குத் தைரியம் திரும்பிவிட்டது. "சும்மா பயம் காட்டுது அண்ணே, நம்ம மேனேஜர் மாதிரி" என்றான். பல்லுக்காரர் சிரிக்கவில்லை. அறுபத்தைந்தாவது சுற்றில் மறுபக்கத்திலிருந்து மீண்டும் ஒரு பல் இடைவெளியில் உரசிக்கொண்டு போனபோது, கொட்டாவி கண்ணைக்கூட மூடவில்லை.

இதற்கிடையே வெளியே தூற ஆரம்பித்திருந்தது.

எழுபத்தொன்றாவது கோடு போட்டதும் பல்லுக்காரர் கருவியைப் பிடுங்கினார். "மேடை வந்துடுச்சா?"

"எங்க வந்துச்சு? தெரியுது, ஆனா வரல. ஒரு வீட்டு நீளம் இருக்கும்."

ஈரக்கயிறு கயிற்றுச் சக்கரத்தில் அங்கங்கே வழுக்கியிருக்கிறது. சக்கரம் சுற்றிய அளவுக்குக் கூண்டு நகரவில்லை. எழுபத்திரெண்டாவது கோடும் விழுந்தது. சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒன்பது பல்.

"ஒம்பது இருக்குல்ல அண்ணே, எவ்வளவு தூரம்! ஒத்தைப் பல்லுல வந்தப்பவே ஒன்னும் ஆகல. இன்னும் ரெண்டு சுத்து விட்டா அவங்க கால் தரையில பட்டுடும்."

"டேய், அப்ப பத்துல ஒம்பது போச்சு. இப்ப ஒம்பதுல ஒம்பது போகுது!"

கொட்டாவியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"நிறுத்திடலாமா மாஸ்டர்?" என்றது போன்.

நிறுத்தினால் கூண்டு மேடைக்கு வெளியே பாறைக்கு மேல் தொங்கும். விட்டால் இந்தச் சுற்றின் முடிவில் முறியும். இந்த ஒரு சுற்றுத்தான் கையில் இருந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாக வேண்டும். "ஓடட்டும்" என்றார் பல்லுக்காரர். "டேய், நான் கைய உயர்த்தினதும் வேகத்தக் கொறை. தவழணும்."

பெரிய சக்கரம் தன் கடைசிச் சுற்றைச் சுற்றத் தொடங்கியது. சிவப்புகளுக்கு நடுவே மிச்சமிருந்தது அந்த ஒன்பது பல் மட்டும்தான். இந்தச் சுற்று முடியும்போது அதுவும் தீர்ந்துவிடும். கருவியில் மனைவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. "இன்னும் கொஞ்சம்... வருது... மேடையில ஒருத்தர் கைய ஆட்டுறாரு... மேடைக்கு முன்னாடி கட்டுன கம்பி வலை தெரியுது, வலை மேல வந்துட்டோம்..."

பெரிய சிவப்பு மேலிருந்து இறங்கியது. சின்னச் சிவப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கியது. இதுவரை ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முதல் தடவையாக இரண்டும் சேருமிடத்திலிருந்து ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வந்தன. இருபது பல். பதினைந்து. கையை உயர்த்தினார். மோட்டார் தவழ்ந்தது. பத்து.

"அப்பா, கதவு மேடைக்கு நேரா வரல, இன்னும் ஒரு முழம்..." என்றாள் மகள்.

எட்டு. ஏழு. ஒரு முழத்துக்கு எத்தனை பல்? அவருக்குத் தெரியும். ஏழு. ஆனால் பொத்தானை அமுக்கினாலும் சக்கரம் இரண்டு மூன்று பல் சறுக்கித்தான் நிற்கும். ஆறு. மகள் பிறந்த அன்றைக்கு அவளைக் கையில் வாங்கும்போதுகூட அவர் இப்படி மூச்சை அடக்கியதில்லை. ஐந்து. அமுக்கினார்.

நான்கு. மூன்று. இரண்டு.

நின்றது.

சேருமிடத்தின் மேலே இரண்டு பக்கமும் இரண்டு சிவப்புகள், கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற கண்கள்போல. பல்லுக்காரர் அசையவில்லை. அசைந்தால் சக்கரமும் அசைந்துவிடும் என்று தோன்றியது.

கருவியில் யாரோ ஏணி என்றார்கள். யாரோ மெதுவா மெதுவா என்றார்கள். வலை கிறீச்சிட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது.

"அப்பா, இறங்கிட்டேன்."

அதையடுத்து மனைவி. "என்னையும் எறக்கிட்டாங்க, கேட்கத்தான் மாட்டீங்களே! உங்க சக்கரத்துக்குப் பல்வலி வந்தா மருந்து போடுங்க, எங்கள எதுக்குங்க அந்தரத்துல தொங்க விட்டீங்க? என்ன, பேச்சையே காணோம்?"

பல்லுக்காரர் கருவியைக் கொட்டாவியிடம் கொடுத்துவிட்டு, யாரும் சக்கரத்தை ஓட்டிவிடாதபடி மெயின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்படியே தரையில், சாக்பீஸ் கோடுகளின் மேலேயே உட்கார்ந்தார்.

"மாஸ்டர்?" என்றது போன். "ரெண்டு சக்கரமும் புதுசா வெட்டணுமே. எழுபத்திரெண்டு, நூத்தி முப்பத்தாறு போட்டுடலாமா? உங்க தட்டுல அம்சமா விழும்."

பல்லுக்காரர் அந்த இரண்டு சிவப்புகளையும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த எண்ண வாயால சொல்லாதீங்கம்மா" என்றார். "தட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. இந்த எண்ணுக்குத் தட்டு வச்சிருக்கிறவன் இந்த வட்டாரத்துலயே நான் ஒருத்தன்தான்" என்றார்.

சட்டைப்பைக்குள் ஃபியூஸைப் பிடித்திருந்த கையை மட்டும் அவர் இன்னும் வெளியே எடுக்கவில்லை.